சந்தனம் பூசிய குட்டி

சிலம்பாறை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு கொட்டகை, மத்தியானத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு வேளைச் சோறு. அதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது.

அதை நடத்தியவர் தில்லையம்மை. நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காவி கட்டுவதில்லை. யாராவது காலில் விழ வந்தால், "கீழே தண்ணி சிந்தியிருக்கு, வேட்டி நனைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவருக்குச் சீடர் என்று இருந்தது ஒரே ஒருவர். அந்தச் சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் கதிர்காமநாதன். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு சீடரை 'ஐயா' என்பார். சீடர் குருவை 'தாயே' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

கதிர்காமநாதன் அங்கே வந்து சேர்ந்தது நல்ல கதைதான். பஸ் நிலையத்தில் சொறி பிடித்துக் கிடந்த ஒரு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் கிட்டே போக முடியாத நாற்றம். அதற்கு வேப்பெண்ணெய் தடவி, கஞ்சி ஊட்டி, ராத்திரி பகல் பார்க்காமல் பக்கத்திலேயே கிடந்தார். நாய் பிழைத்துக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் தில்லையம்மை அவரை அங்கேயே இருக்கச் சொன்னார். அந்த நாட்களில் அவர் அதிகம் பேசவே மாட்டார். நாயைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது.

பேச்சு அப்புறம்தான் வந்தது. பேச்சைத் தொடர்ந்து ஒரு பலகையும் வந்தது.

'கத்திக்கும் தோலுக்கும் இங்கே இடமில்லை.' வாசலில் பச்சை வண்ணத்தில் எழுதித் தொங்கவிட்டார். எழுதியதோடு விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் இடுப்பையும் காலையும் சோதிக்க ஆரம்பித்தார். தோல் செருப்பு வேலிக்கு வெளியே. தோல் பெல்ட்டும் வெளியே. பெல்ட்டைக் கழற்றிய ஒரு பெரியவர் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார். லாரிக்காரர்களை ஓரங்கட்டச் சொல்லிப் பழகிய குரல் அவருக்கு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு மிருதங்கம் வாசிக்க வருபவரும் ஒரு நாள் மாட்டிக்கொண்டார்.

"அது என்ன தோல்?"

"மாட்டுத் தோலுங்க. ஆட்டுத் தோலும் உண்டு."

"தானா செத்ததா, சாகடிச்சதா?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாம எப்படிக் கையில எடுக்கிறீங்க?"

லாரிக்குத் தகுதிச் சான்று கொடுப்பதுபோல மிருதங்கத்துக்கு யார் எஃப்.சி. கொடுப்பார்கள்? அந்த மனிதர் வாத்தியத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் பஜனைக்குக் கைத்தட்டல்தான் தாளம். சமையல்காரி பூரணம் மட்டும் தைரியமாகக் கேட்டாள்.

"ஐயா, கத்தியெல்லாம் தூக்கிட்டீங்க. அரிவாள்மணையை என்ன பண்றது?"

"கத்தரிக்காய்க்கு ரத்தம் இல்லை. அது இருக்கட்டும்" என்று பெரிய மனசு பண்ணினார்.

இதற்கு நடுவே, சந்தைக்கு வந்த செம்மறி ஆடுகள் பத்துப் பன்னிரண்டை அறுப்புக்குப் போகும் லாரியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார். மீட்டதைப் பற்றிச் சுற்று வட்டாரம் முழுக்கப் பேசினார். பேசப் போன இடங்களில் மாலை போட்டார்கள். மாலை போட்டவர்கள் ஆசிரமத்துக்கு வந்து ஆடுகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியதும் புழுக்கை அள்ளியதும் பூரணம்.

ஒரு நாள் மத்தியானம் பந்திக்கு ரஞ்சிதம் வந்தாள். கடைவீதியில் கறிக்கடை வைத்திருப்பவனின் மனைவி. புருஷன் கால் முறிந்து படுத்துக் கிடந்ததால் கடை பூட்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

கதிர்காமநாதன் அவளைப் பார்த்துவிட்டார்.

"உன் வீட்டுக்காரனுக்கு என்ன தொழில்?"

"கறிக்கடைங்க."

"ரத்தம் பட்ட கைக்கு இங்கே சோறு இல்லை."

"கையைக் கழுவிட்டுத்தாங்கய்யா வந்திருக்கேன்."

"கழுவினாப் போயிடுமா?"

சின்னப் பிள்ளை ஏற்கனவே இலையைக் கையில் வாங்கிவிட்டது. அவர் குனிந்து அந்த இலையைப் பிடுங்கினார். ஒரு குழந்தையின் கையிலிருந்து சோற்று இலையைப் பிடுங்க ஒரு மனிதனுக்குக் கை எப்படி வருகிறது? வந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"உங்களுக்கு வெறி புடிச்சிருக்குய்யா" என்றாள் ரஞ்சிதம். "ஆட்டு மேல அன்பு இல்லை. வெறி."

சோற்றுப் பாத்திரத்தோடு வந்த தில்லையம்மை பாத்திரத்தைக் கீழே வைத்தார். வேறு இலை எடுத்துப் போட்டார். ரஞ்சிதத்தையும் பிள்ளைகளையும் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, தன் கையால் பரிமாறினார்.

கதிர்காமநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தி முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குருவிடம் நேராகப் போனார்.

"தாயே, ஊரே என்னை வெறியன்னு சொல்லுது."

"ஊர்ல யாரு?"

"டீக்கடையில சொல்றாங்க. பஸ்ல சொல்றாங்க. இப்ப ஒருத்தி மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா. நீங்க அவளுக்கு ரெண்டாந்தரம் குழம்பு ஊத்துறீங்க."

"பிள்ளை கேட்டுச்சு."

"வாயில்லா ஜீவனுக்காக ஒருத்தன் நின்னா அது வெறியா? நான் கேக்கிறேன், அன்புக்கும் வெறிக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

தில்லையம்மை ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்தார்.

"கொட்டகையில ரெண்டு ஆடு நிறைசினை. அதுல ஒண்ணு நேத்துலேர்ந்து தீனி எடுக்கல. பார்த்தீங்களா?"

"அதுக்குத்தான் பூரணம் இருக்காளே தாயே. நான் கேட்டது கொள்கையைப் பத்தி."

"கால்நடை டாக்டரை வரச் சொல்லுங்க. நான் டவுனுக்குப் போறேன். நம்ம பந்திக்கு அரிசி அனுப்புற மங்கையர்க்கரசி அம்மா கடைசி மூச்சுல இருக்காங்களாம். நாளன்னிக்கு மத்தியானம் வந்துடுவேன்."

"என் கேள்வி?"

"ஆட்டைப் பார்த்துக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கதிர்காமநாதன் கால்நடை டாக்டரை வரச் சொல்லவில்லை. அந்த டாக்டர் முட்டை சாப்பிடுகிறவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முட்டை சாப்பிடுகிற கை சினை ஆட்டின் வயிற்றைத் தொடுவதா? அதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. ஆட்டின் நெற்றியில் விபூதி பூசி, தலைமாட்டில் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விடியும்போது பூரணம் கதவைத் தட்டினாள்.

"ஐயா, ஒரு ஆடு குட்டி போட்டுட்டுச் செத்துப்போச்சு."

அவர் ஓடினார். தீனி எடுக்காத ஆடு விறைத்துக் கிடந்தது. அதன் பின்னங்கால் பக்கத்தில் ஈரம் காயாத ஒரு குட்டி, எழுந்திருக்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. கொட்டகையின் மறு மூலையில் இன்னொரு ஆடும் அதே நேரத்தில் ஈன்றிருந்தது. அது போட்ட குட்டிக்கு உயிரில்லை. தாய் அதை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. நக்குவதும், மெல்லக் கனைப்பதும், மறுபடி நக்குவதுமாக நின்றது.

"ஐயா, இங்கே ஒரு குட்டிக்குத் தாய் இல்லை. அங்கே ஒரு தாய்க்குக் குட்டி இல்லை" என்றாள் பூரணம்.

"தெரியுது."

"அந்தக் குட்டியோட தோலை உரிச்சு இதுக்குப் போர்த்திவிட்டா..."

"வாயை மூடு."

அந்தப் பக்கத்தில் ஆடு வளர்த்த எவருக்கும் இது தெரியும். தாய் ஆடு குட்டியைக் கண்ணால் அடையாளம் பார்ப்பதில்லை, மூக்கால்தான் பார்க்கும். செத்த குட்டியின் தோலை அனாதைக் குட்டிக்குச் சட்டை மாதிரிப் போர்த்திவிட்டால் தாய் மோந்து பார்க்கும், தன் வாசனை என்று மடி கொடுக்கும். ஓரிரு நாளில் குட்டி குடித்த பாலின் வாடை அதன் உடம்பிலும் அடிக்கும். அப்புறம் தோலைக் கழற்றி எறிந்துவிடலாம்.

கதிர்காமநாதனுக்கும் தெரியும். அவர் தாய்மாமன் வீட்டில் பட்டி நிறைய ஆடு. சின்ன வயதில் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் அவரை மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்துதான் செய்தார்.

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்" என்றார். "கத்திக்கும் தோலுக்கும் இடமில்லைன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கேன். அதை எழுதின கையாலேயே ஒரு பச்சக் குட்டியைத் தோலுரிக்கச் சொல்றியா?"

"செத்துப்போன குட்டிதானேய்யா."

"செத்தா மரியாதை கிடையாதா? உன் பிள்ளை செத்தா உரிப்பியா?"

பூரணத்துக்கு ஒரு பிள்ளை செத்துப்போயிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

சேலை முந்தானையை வாயில் வைத்து எடுத்துவிட்டு, குட்டிக்காக மறுபடியும் பேசினாள்.

"சரிய்யா. தோல் வேணாம். அந்த ஆட்டைப் புடிச்சுக் கட்டிட்டு, காம்புல இதோட வாயை வைக்கிறேன். முதப் பால் ரெண்டு மடக்கு உள்ளே போனாப் போதும்."

அவள் போய் ஆட்டின் காதைப் பிடித்தாள். ஆடு திமிறியது.

"விடு அதை! குட்டியைப் பறிகொடுத்த தாயைக் கட்டிப்போட்டுப் பால் எடுக்கிறதா? அதுக்கும் விருப்பம்னு ஒண்ணு இருக்கு. என் கண்ணு முன்னால வன்முறை நடக்க விடமாட்டேன்."

பூரணம் கையை எடுத்துவிட்டாள். குட்டி தானாகத் தள்ளாடித் தள்ளாடி அந்த ஆட்டிடம் போனது. ஆடு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தலையால் முட்டித் தள்ளியது. குட்டி வைக்கோலில் போய் விழுந்தது.

கதிர்காமநாதன் அதைப் பார்க்கவில்லை. அவர் செத்த குட்டியைத் தாயின் நாக்குக்குக் கீழிருந்து எடுத்து, தன் பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு நடந்தபோது ஆடு கத்திக்கொண்டே பின்னால் வந்தது. பஜனைக் கூடம் வரைக்கும் வந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே செத்த குட்டியைப் பன்னீரில் குளிப்பாட்டினார். ஒரு தடவை அல்ல, ஈன்ற அழுக்கெல்லாம் சுத்தமாகப் போகிறவரை. அப்புறம் சந்தனம் அரைத்து, தலை முதல் வால் வரை பூசினார். குங்குமம் வைத்தார். துளசி மாலை போட்டு மனைப்பலகையில் கிடத்தினார். கண்ணில் நீர் வழிய வழியத்தான் செய்தார். அந்த அழுகையில் பொய் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு தொலைபேசியில் எல்லாருக்கும் சொன்னார். மாலை போட்டவர்கள் எல்லாம் வந்தார்கள். 'வதைக்கப்பட்ட உயிர்களுக்கு முதல் சமாதி' என்று ஒருவர் அட்டையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். குரு வந்ததும் நாளை மத்தியானம் அடக்கம் என்று முடிவானது.

அந்த ஆட்டைத் தொட அவர் விடாததால், பூரணம் புட்டியில் பசும்பால் ஊற்றி, ரப்பர் மாட்டி, குட்டியின் வாயில் வைத்துப் பார்த்தாள். குட்டி தலையைத் திருப்பிக்கொண்டது. அவள் அழுத்திப் பிடித்து வாயைத் திறந்தாள். பாதி போனது, மிச்சம் மூக்கு வழியாக வந்தது. சற்று நேரத்தில் வயிற்றாலும் போக ஆரம்பித்தது.

கூடத்தில் கதிர்காமநாதன் பேசிக்கொண்டிருந்தார். மனிதன் எத்தனை கொடியவன், மிருகம் எத்தனை தூயது என்று பேசினார். நல்ல பேச்சு, கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவில் வாசலுக்கு வெளியே குட்டி கத்தியது. பேச்சு தடைப்பட்டது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் குட்டி கத்தியது.

"யாராவது அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போங்க" என்றார். "பேசவிட மாட்டேங்குது."

பூரணம் வந்து தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது கூட்டத்தைப் பார்த்து, "நீங்கள்லாம் எதுக்குய்யா வந்தீங்க?" என்று கேட்டாள். சாயங்காலம் ஆக ஆகக் குட்டியின் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. கதிர்காமநாதன் அதைக் கவனித்து, "பாரு, பழகிடுச்சு" என்றார்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் தில்லையம்மை வந்து இறங்கினார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. மாலையோடு நின்ற கூட்டம் வழிவிட்டது. கதிர்காமநாதன் கும்பிட்டபடி எதிரே வந்தார்.

"தாயே, சமாதிக்கு எல்லாம் தயார். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

தில்லையம்மை நிற்கவில்லை. கொட்டகைக்குப் போனார். பூரணம் குட்டியை மடியில் போட்டு, சாக்கால் மூடி, தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விடிய விடிய அப்படியேதான் இருந்திருக்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. தில்லையம்மை குட்டியின் வாய்க்குள் ஒரு விரலை விட்டார்.

"சில்லிட்டிருக்கே."

"காலையிலேர்ந்து அப்படித்தாம்மா."

"அந்த ஆட்டுக்கிட்ட விடலையா?"

பூரணம் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தில்லையம்மை எழுந்து கூடத்தை நோக்கி நடந்துவிட்டார்.

"பூரணம், அரிவாள்மணையைக் கொண்டா."

கதிர்காமநாதன் கூடத்து வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தாயே, வேணாம். நீங்களே இதைச் செய்யலாமா? இத்தனை பேர் பார்க்கிறாங்க. நாம சொல்லிட்டு வந்ததெல்லாம் என்ன ஆகும்?"

"நகரு."

சீடரைக் குரு அப்படி அழைத்ததே இல்லை. ஐயாவும் இல்லை, 'ங்க'வும் இல்லை. கதிர்காமநாதனின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

உள்ளே போன தில்லையம்மை துளசி மாலையைக் கழற்றிப் போட்டார். அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, அதன் அலகிலேயே தோலைக் கீறி, கையால் உரித்தார். கூட்டத்தில் சிலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருவர், "சிவ சிவா, இவங்களா குரு?" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். தில்லையம்மையின் முழங்கை வரை ரத்தமும் சந்தனமுமாக இருந்தது.

உரித்த தோலைத் தூக்கி மோந்து பார்த்தார். சந்தனம்தான் மணத்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். அவரும் பூரணமும் வாளி வாளியாக ஊற்றி அலசினார்கள். சந்தனம் மயிரின் வேர் வரை இறங்கியிருந்தது. கல்லில் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை.

ஈரத்தைப் பிழிந்து, குட்டியின் மேல் போர்த்தி, வயிற்றுக்குக் கீழே கயிற்றால் கட்டினார்கள். தாய் ஆட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குட்டியால் நிற்க முடியவில்லை. பூரணம் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்த அந்த ஆடு ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டு கிட்டே வந்தது. மடி கனத்துத் தொங்கியது, காம்பில் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டி, குட்டியின் வால் பக்கம் மூக்கைக் கொண்டுபோனது.

ஆடு தும்மியது. இரண்டு எட்டுப் பின்னால் போனது. மறுபடி வந்து மோந்தது. மறுபடி தும்மிவிட்டு, தலையைத் தாழ்த்தி முட்டியது.

தில்லையம்மை ஆட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பூரணம் காம்பைப் பிதுக்கிக் குட்டியின் வாய்க்குள் பீய்ச்சினாள். மஞ்சளாய், கெட்டியாய், முதல் பால். அது குட்டியின் நாக்கில் விழுந்தது. குட்டிக்கு விழுங்கத் தெம்பில்லை. கடைவாய் வழியாக வழிந்து பூரணத்தின் கையெல்லாம் ஆனது. அவள் துடைத்துவிட்டு மறுபடி பீய்ச்சினாள். அதுவும் வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் குட்டியின் தலை அவள் கையிலிருந்து நழுவியது.

முதலில் சத்தம் போட்டது கதிர்காமநாதன்.

"நீயெல்லாம் ஒரு தாயா?" என்று ஆட்டைப் பார்த்துக் கத்தினார். "ஒரு பச்சை உயிர் வாயைத் திறந்துகிட்டு நிக்குது, முட்டித் தள்றியே! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? கல்லா உன் மனசு?"

பூரணத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அதை ஏன்யா திட்டுறீங்க?" என்று எழுந்து நின்றாள். "அதுக்குத் தெரிஞ்சது ஒரு வாசனைதான். அதைப் பன்னீர் ஊத்திக் கழுவினது யாரு? சந்தனம் பூசினது யாரு? அது புள்ளைய அதுக்கே அடையாளம் தெரியாம ஆக்கிட்டு, அதுகிட்டயே போய்க் கத்துறீங்களே!"

"மரியாதை பண்ணினது குத்தமா?"

"உசுரோட இருந்தது அந்தப் பக்கம் கத்திச்சேய்யா. அதுக்கு என்ன பண்ணினீங்க?"

அவர் குருவைப் பார்த்தார். தில்லையம்மை குட்டியின் மேலிருந்த தோலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். குட்டியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துத் தலை கால் தெரியாமல் நன்றாக மூடினார். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. பந்தலும் அட்டையும் மட்டும் நின்றன. கதிர்காமநாதன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் தோண்டிவைத்த குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினார். யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. கை கொப்புளிக்க வெட்டினார். முதல் குழியைவிட இதைப் பெரிதாக வெட்டினார். கிணற்று மேடையிலிருந்து ஒரு பலகைக் கல்லைப் பெயர்த்து, புரட்டிப் புரட்டிக் கொண்டுவந்து குழிக்குத் தலைமாட்டில் நிறுத்தினார்.

பிறகு வேர்வையும் மண்ணுமாக வந்து குருவின் முன்னால் முழந்தாளிட்டார். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

"தாயே, நானே என் கையால வெட்டியிருக்கேன். வருஷா வருஷம் இந்த நாள்ல விளக்கு ஏத்துவேன். சாகிற வரைக்கும் ஏத்துவேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி அன்பு காட்ட முடியும்? இதைப் போய் வெறின்னு சொல்றாங்களே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

தில்லையம்மை துணியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, அது கிடக்கட்டும்" என்றார் கதிர்காமநாதன். "இந்த ஜீவன் பேர் இல்லாம மண்ணுக்குள்ள போகக் கூடாது தாயே. கல்லுல பொறிச்சு வைக்கப் போறேன். நீங்க உங்க வாயால ஒரு பேர் சொல்லுங்க."

தில்லையம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்றேன் ஐயா. ஆம்பளைப் பேரா, பொம்பளைப் பேரா?"

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். பூரணத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணியை விலக்கிப் பார்க்க அவர் கை நீண்டது.

தில்லையம்மை துணியின் மேலிருந்த தன் கையை எடுக்கவில்லை.